பெத்த படவ

பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். ரயிலை ஒருமுறை. கம்பெனி பஸ்ஸை... அதற்குக் கணக்கில்லை. ஆனால் கப்பலைத் தவறவிடுகிற அளவுக்கு நான் வளர்வேன் என்று நினைத்ததே இல்லை.

போன மாதம் அதற்கும் கிட்டத்தட்டப் போய்விட்டேன்.

கப்பல் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, ஒரு அபார்ட்மென்ட்டைத் தூக்கித் தண்ணீரில் படுக்கப் போட்ட மாதிரி. எங்களுக்கும் அதற்கும் நடுவே கடல். எங்களைச் சுற்றி மீன். கையில் டிராலி பேக். கப்பலுக்குப் போகும் கேட்டை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். மூடினால் மூடியதுதான். மணி மூன்றரை தாண்டிவிட்டது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம்? ஒரே ஒரு வார்த்தையால்.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஃபேக்டரியில் வருஷத்துக்கு ஒருமுறை கைசன் போட்டி நடக்கும். கைசன் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை – செய்கிற வேலையைக் கொஞ்சம் சுலபமாக்க ஒரு யோசனை சொல்ல வேண்டும். நான் சொன்னது வாஷர் வைக்கும் தட்டைப் பற்றி. தட்டில் ஒரு சின்னக் கம்பியை நட்டுவிட்டால், அளவு மாறிய வாஷர் அதில் உட்காராது. தப்பான வாஷர் தானாகவே வெளியே நிற்கும். அவ்வளவுதான் யோசனை. வழக்கமாக முதல் பரிசு ஹாட்பாக்ஸ். இந்த முறை யாருக்கு என்ன தோன்றியதோ, இரண்டு பேருக்கு க்ரூஸ் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். விசாகப்பட்டினத்தில் ஏறி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு, திரும்ப அங்கேயே வந்து இறங்க வேண்டும்.

"ஏல, ஒகேனக்கல் பரிசல்லயே கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தவன் நீ. ஒனக்குக் கப்பலா?" என்றான் முருகேசன். என் லைனில் சூப்பர்வைசர். திருநெல்வேலிக்காரன். கடல் மொத்தத்தையும் தன் ஜில்லாவுக்கு எழுதி வாங்கினவன் மாதிரிதான் பேசுவான். "கப்பல்ல ஏறுத போட்டோ அனுப்பணும். இல்லன்னா நம்பமாட்டேன் பாத்துக்க."

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் ஏரி, டேம், போர்வெல். ஓசூர்க்காரனுக்குக் கப்பல் எதற்கு?

நாகவேணியை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு – என் மனைவி. கல்யாணமாகி எட்டு மாதம். கெலமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். இதில் எது எங்கே முடிகிறது, எது எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அவள் வீட்டாருக்கும் தெரியாது. கோபம் வந்தால் ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும்.

பர்கூரில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு அவள் 'தெலுங்குப் பொண்ணு'. அது திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. பெயர் மறந்தால் சொல்வதற்கு ஒரு அடையாளம். "அந்தத் தெலுங்குப் பொண்ணு வெச்ச கொழம்பா இது? பரவால்லையே." அப்படி.

அதனால் விசாகப்பட்டினம் என்றதும் அவளுக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது.

"அது எங்க பாஷை பேசற ஊருங்க. அங்க நீங்க வாயே தொறக்க வேணாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். எனக்கும் அது வசதிதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா குவாரியில் கல் உடைத்தவர். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. வெளியூர் போனால் கல்யாணம், இல்லையென்றால் சாவு. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு ஊருக்குள் நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. எனவே பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்துக்கொண்டு போனேன். எந்த பீச், எந்த மலை, எதைப் பார்த்துவிட்டு எதைப் பார்க்க வேண்டும், நடுவில் பஃபர் எவ்வளவு... பஃபர் என்பது தாமதம் வந்தால் தாங்குவதற்காக முன்கூட்டியே ஒதுக்கும் நேரம். ஃபேக்டரியில் வேலை பார்ப்பவனிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். பஃபர் இல்லாமல் இருக்காது.

பெங்களூரில் ரயிலேறி, மறுநாள் காலையில் போய் இறங்கினோம். குளித்து உடை மாற்ற ஒரு ஹோட்டலில் பாதி நாளைக்கு ரூம் எடுத்தோம். ரிசப்ஷனில் கண்ணாடி போட்ட ஒரு பெண். நாகவேணி முன்னால் போய் நின்றாள். தன் பாஷை பேசுகிற ஊரில், தன் பாஷையில், முதல் வாக்கியம்.

"ரூம் பேகா காவல்ல."

ரூம் சீக்கிரம் வேண்டும் என்று அர்த்தம். எனக்கே புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

"பேகா... அன்டே?" பேகா என்றால் என்ன என்று கேட்டாள். நாகவேணி கடிகாரத்தைக் காட்டினாள், கையை வேகமாக ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "ஓ... த்வரகாவா?" என்று அழகாகத் திருத்தினாள். பிறகு சிரித்த முகமாக, கொஞ்சமும் கெட்ட எண்ணமில்லாமல் கேட்டாள்: "மீரு தமிழ்வாள்ளா?"

நீங்கள் தமிழ்க்காரர்களா.

லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியதும் நாகவேணி ஆரம்பித்தாள்.

"நான் இன்னா தமிழா பேசுனேன்?"

"இல்ல."

"பின்ன ஏன் அப்படி கேக்குது அது?"

எட்டு மாதமாக எங்கள் ஊரில் தெலுங்குப் பொண்ணு. தெலுங்கு ஊரில் கால் வைத்த முதல் மணி நேரத்திலேயே தமிழ்ப் பொண்ணு. இரண்டு பக்கமும் பார்டர் செக்போஸ்ட்காரர்கள் மாதிரியே நடந்துகொண்டால் நடுவில் நிற்கிறவள் என்னதான் செய்வாள்?

"பேகா கன்னடமா இருக்குமோ?" என்றாள் ரூமுக்குள் போனதும். அவளே யோசித்து, அவளே தீர்ப்பும் சொன்னாள். "கன்னடம்தான். நாங்க கலந்துகட்டி பேசறோம்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் ஆர்வமாகக் கவனித்தேன். அவள் தன் பேச்சுக்குக் கைசன் போட ஆரம்பித்துவிட்டாள்.

நாக்கில் ஒரு கம்பியை நட்டுக்கொண்ட மாதிரி. வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திப் பார்த்தாள். இது கன்னடம், வெளியே. இது தமிழ், வெளியே. இது இங்கிலீஷ், அதுவும் வெளியே. மிச்சம் இருப்பதுதான் சுத்தமான தெலுங்கு. மிச்சம் அதிகம் இல்லை என்பதுதான் பிரச்சினை. பீச்சில் மூரி மிக்சர் விற்கிறவரிடம் – பொரியில் வெங்காயம், தக்காளி, எலுமிச்சை எல்லாம் போட்டுக் குலுக்கித் தருகிறார்கள், கட்டாயம் சாப்பிட வேண்டும் – காரம் கம்மியாகப் போடுங்கள் என்று சொல்வதற்குள் அவர் போட்டுக் கொடுத்தே விட்டார். காரம் கண்ணில் தெரிந்தது.

கரையில் ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பலை ஏற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாம். நான் வால்வு வால்வாக நின்று பார்த்தேன். என் பஃபர் கரைந்தது அங்கேதான்.

"ஏங்க, மிதக்கற கப்பல் ஒண்ணு நமக்காகக் காத்துனு இருக்குது. நீங்க முழுவுன கப்பல பாத்துகினு இருக்கீங்க," என்றாள்.

"இது முழுவுனது இல்ல. முழுகறதுக்குன்னே பண்ணது."

"ரெண்டும் ஒண்ணுதான் இன்ஜினியர் சார். வாங்க."

வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. ஆனால் பெங்களூர் பஸ் பார்த்துப் பார்த்துக் கன்னட எழுத்து பழக்கம். இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருப்பதால் பாதி படித்து, பாதி யூகித்துவிடுவாள். மூன்று கடைகளில் ஒன்றைச் சரியாகச் சொன்னாள். காலையில் கேட்ட கேள்வி மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை.

ரூமைக் காலி செய்துவிட்டுக் கீழே வந்தபோது, அந்த ரிசப்ஷன் பெண், "கேப் புக் பண்ணட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்," என்றாள் நாகவேணி என்னிடம், தமிழில், அடிக்குரலில். "நானே பேசிக்கறேன்."

தெருவில் ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். "எக்கடிகி?" எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'ஷிப்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. டிரைவர்கூட அப்படித்தான் சொல்வார். ஆனால் ஷிப் இங்கிலீஷ், வெளியே. கப்பல் தமிழ், வெளியே. ஹடகு கன்னடம், வெளியே. கெலமங்கலத்துத் தெலுங்கில் கப்பலுக்கு என்ன வார்த்தை?

இல்லை. எப்படி இருக்கும்? ராகிக்கு உண்டு, ரோஜாத் தோட்டத்துக்கு உண்டு, யானை மிதித்துப் போன வயலுக்குக்கூட ஒரு வார்த்தை உண்டு. கப்பலை அங்கே யார் பார்த்தார்கள், பெயர் வைக்க? படகுக்குத்தான் ஒரு வார்த்தை எப்படியோ மிச்சமிருந்தது – படவ.

நாகவேணி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "பெத்த படவ எக்கல்ல."

பெரிய படகில் ஏற வேண்டும்.

"பெத்த படவா?" டிரைவர் எங்களைப் பார்த்தார், டிராலி பேக்கைப் பார்த்தார். "ஹார்பருக்கா?"

"ஹார்பரே," என்றாள். என்னைத் திரும்பி ஒரு பார்வை. பார்த்தீங்களா, என்கிற பார்வை.

ஹார்பர் என்றதும் நானும் மேப்பை மூடி வைத்துவிட்டேன். கடலில் போகிறவை எல்லாம் ஒரே இடத்தில்தான் நிற்கும் என்று நினைத்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் ஒன்றாகத்தானே நிற்கின்றன?

ஆட்டோ நின்ற இடத்தில் முதலில் வந்தது வாசனை. பிறகு ஐஸ் உடைக்கிற சத்தம். பிறகு... படவ. நீலம், பச்சை, மஞ்சள் என்று வரிசை வரிசையாக, கொடி கட்டிய மீன்பிடிப் படகுகள். சொல்லப்போனால் எல்லாமே நல்ல பெரிய படகுகள்தான். "பெத்த படவலு," என்று டிரைவர் பெருமையாகக் கையைக் காட்டினார். இறக்கிவிட்டார். போய்விட்டார்.

படகுகளுக்கும் அப்பால், தண்ணீருக்கு அந்தக் கரையில், எங்கள் கப்பல்.

நான் அங்கிருந்தவர்களிடம் ஓடினேன். கப்பலைக் காட்டி, "ஷிப், ஷிப்," என்றேன். அவர்களும் பார்த்துவிட்டு, "அவுனு, ஷிப்," என்று ஒத்துக்கொண்டார்கள். இதில் எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. ஒருவர் மட்டும் கையால் பெரிதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். சுற்றிப் போகணும். எதில் போவது? ஆப்பில் வண்டி தேடினேன். அதிலும் வட்டம்தான் சுற்றியது. நின்றவையெல்லாம் மீன் லோடுக்குக் காத்திருந்த கூட்ஸ் ஆட்டோக்கள். டிரைவர்கள் எங்கள் பேக்கைப் பார்த்தவுடனேயே தலையை ஆட்டினார்கள்.

லேட் என்றால் எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு காரணம் செல்லும். சானமாவு காட்டில் யானை ரோட்டைக் கடந்தது என்றால் ஹெச்.ஆரே ஒன்றும் கேட்காது. இங்கே எந்த யானையைச் சொல்வது? முருகேசனிடம் என்ன சொல்வது?

நாகவேணி பேக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நீ பேசேன். நீ பேசினா யாராவது வருவாங்க."

"நான் பேசுனதுலதான் இங்க வந்து நிக்கறோம்." அவள் என்னைப் பார்க்கவில்லை. கப்பலைப் பார்த்தாள். "இந்த ஊர்ல நான் இனிமே வாய தொறக்கமாட்டேங்க. கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஊருக்குப் போலாம்."

அவளுக்குக் கப்பல் போனால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. போனது வேறு.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது. மீன் கூடைகளுக்கு நடுவே நின்ற ஒரு அம்மா, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கூடை தூக்குகிற ஆளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பேகி... பேகி ராரா!"

சீக்கிரம் வாடா என்கிறார். நாகவேணியின் தலை திரும்பியது.

அந்த ஆள் வரவில்லை. அந்த அம்மா இன்னும் சத்தமாக, பேகி, பேகி, பேகி என்றார். நாகவேணி பேக்கை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போனாள். நான் பேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அக்கா," என்றாள். "மேமு பேகா போவல்ல அக்கா."

நாங்க சீக்கிரம் போகணும் அக்கா. அந்த அம்மா புரியவில்லை என்று சொல்லவில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான், நாகவேணியின் நாக்கில் இருந்த கம்பி கழன்றுவிட்டது. காலையிலிருந்து வெளியே நிறுத்தி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன. கெலமங்கலத்துத் தெலுங்கு, அதில் கன்னடம், நடுவில் தமிழ். கப்பலு, ஹடகு, ஷிப்பு – மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, கையை நீட்டி, அந்த வெள்ளைக் கப்பலைக் காட்டினாள்.

"ஓலம்மோ... ஏட்டி?" என்றார் அந்த அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முருகேசன் போனில் மனைவியை இப்படித்தான் கூப்பிடுவான் – "ஏட்டி, சாப்ட்டியா?" திருநெல்வேலி எப்போது இங்கே வந்தது? பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் 'ஏட்டி' என்றால் 'என்ன' என்று.

"ஓடயில ஏறவா படவன்னு சொல்லி இங்க வந்தீங்க?" என்று அவர் கேட்டதாக நாகவேணி எனக்குத் தமிழில் சொன்னாள். ஓட – அதுதான் கப்பலுக்குத் தெலுங்கு வார்த்தை. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கூடைக்காரிகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். பெத்த படவ, பெத்த படவ என்று அந்த இடம் முழுக்கப் பரவியது. காலையில் வந்தது ஒரே ஒரு புன்னகை, இவள் நாள் முழுக்க வாடினாள். இப்போது ஒரு ஹார்பரே சிரிக்கிறது, இவளும் சேர்ந்து சிரிக்கிறாள். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

"ஏ ஊரு?"

"ஓசூரு. பெங்களூரு பக்கம்."

"பெங்களூர்ப் பக்கம் நம்ம பேச்சு பேசுவாங்களா?" என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார்.

நம்ம பேச்சு. நாகவேணி இதை மட்டும் எனக்கு இரண்டு முறை மொழிபெயர்த்தாள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அந்த அம்மா ஒரு கூட்ஸ் ஆட்டோவின் பக்கவாட்டில் படாரென்று தட்டினார். லோடு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம், இவங்களைப் பேகி கொண்டுபோய் இறக்கிவிட்டு வா. டிரைவர் ஏதோ முனகினார். இன்னொரு தட்டு. நாகவேணி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். நான் பின்னால், ஐஸ் பெட்டி மேல், டிராலி பேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

உண்மையைச் சொன்னால், அந்த ஊரை நான் ஒழுங்காகப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். பின்பக்கமாகப் பார்த்தேன். சந்துகள், பழைய ஓட்டு வீடுகள், மொட்டை மாடிகளில் காய்கிற துணி, லாரி வரிசை, எல்லாவற்றின் மேலும் படிந்திருந்த சிவப்புத் தூசி, தூரத்தில் கிரேன்கள். நான் படித்துக்கொண்டு போன எதிலும் இதெல்லாம் இல்லை. முன்னால் நாகவேணியும் டிரைவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஏதோ ஒரு வார்த்தைக்கு அவர் சிரித்தார், அவள் திரும்பச் சொல்லிக் காட்டினாள், அவரும் சொல்லிப் பார்த்தார். என்ன வார்த்தை என்று பிறகு கேட்டேன். "அது எங்களுக்குள்ள," என்றாள்.

கேட்டை இழுக்கக் கை வைத்திருந்தார்கள். நாங்கள்தான் கடைசி. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட டிராலி பேக்கை ஸ்கேனரில் வைத்தேன். செக்யூரிட்டி மூக்கைச் சுருக்கினார்.

"ஃபிஷ்?"

"நோ ஃபிஷ், சார்."

அவர் நம்பவில்லை. திறந்து பார்த்தார். என் இரண்டு புதுச் சட்டைகளைப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு மூடினார்.

முருகேசனுக்கு இரண்டு போட்டோக்களை அனுப்பினேன் – ஒன்று வந்து இறங்கிய வண்டியோடு, இன்னொன்று கப்பலில் ஏறும்போது. அவன் கப்பலைப் பார்க்கவே இல்லை. "முதப் போட்டோல மீன் வண்டில்லா இருக்கு. இதுக்கா அம்புட்டு தூரம் போன?" என்று பதில் வந்தது.

வாசகர்களே, நான் நிறைய யோசித்தேன். சுத்தமாகப் பேசிய வார்த்தை எங்களைத் தப்பான கரையில் இறக்கிவிட்டது. அழுக்கு என்று ஒதுக்கி வைத்த வார்த்தை வண்டி பிடித்துக் கொடுத்தது. பேகாவும் பேகியும் நம் வேகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த ஊரில் வளர்ந்தது என்று பார்த்து வெளியே நிறுத்த, பேச்சு என்ன வாஷரா? என் கைசன் தட்டுக்குச் சரி. நாக்குக்கு ஆகாது.

சாயங்காலம் மேல் டெக்கில் நின்றோம். கப்பல் கரையை விட்டு நகர்ந்ததே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாகப் போனது. கீழே மீன்பிடிப் படகுகள் சின்னதாகத் தெரிந்தன. பெத்த படவ எல்லாம் இப்போது குட்டிப் படவ.

நாகவேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கப்பலைத் தட்டி, மாட்டை ஓட்டுகிற குரலில், "பேகா போ," என்றாள்.

கப்பலுக்கு எந்த ஊர்த் தெலுங்கு தெரியுமோ – கொஞ்சம் வேகம் எடுத்த மாதிரிதான் இருந்தது.